டாஷ்போர்டைத் திறந்ததும் தெரியும் எண்ணுக்கு நீங்கள்தான் பொறுப்பு

டேப்லோ என்ற டேட்டா காட்சி மென்பொருளில் பாராமீட்டர் (பார்ப்பவர் மாற்றிக்கொள்ளக்கூடிய மதிப்பு) வைத்து டாஷ்போர்டு செய்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். நாம் எத்தனை ஸ்லைடர் வைத்துக் கொடுத்தாலும் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் எதையும் தொடுவதில்லை. திறந்ததும் என்ன தெரிகிறதோ அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவார்கள். டீஃபால்ட்டில் இருப்பதுதான் அவர்களுக்கு ரிப்போர்ட்.

நான் அடிக்கடி பார்ப்பது இது. ஒர்க்புக்கை (டாஷ்போர்டு இருக்கும் டேப்லோ கோப்பை) மார்ச்சில் பப்ளிஷ் செய்திருப்பார்கள், மாத பாராமீட்டரும் மார்ச்சிலேயே நிற்கும். டேட்டா தினமும் ரிஃப்ரெஷ் ஆகும், ஆனால் ஜூலையில் திறந்தாலும் மார்ச் விற்பனைதான் வரும். ஒரு நிறுவனத்தில் கிளை மேலாளர் ஒருவர் அதை நடப்பு மாதம் என்று நினைத்து, இலக்கை எட்டிவிட்டோம் என மேலிடத்துக்கே சொல்லிவிட்டார். எண்ணில் தப்பே இல்லை, மாதம்தான் பழசு.

2020.1 பதிப்பிலிருந்து இதற்கு வழி இருக்கிறது. பாராமீட்டரைத் திருத்தும் பெட்டியில், ஒர்க்புக் திறக்கும்போது என்ன மதிப்பு வர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஒரு கால்குலேட்டட் ஃபீல்டை (நாமே சூத்திரம் எழுதி உருவாக்கும் ஃபீல்டை) கொடுத்துவிடலாம். அந்த ஃபீல்டு ஒரே ஒரு மதிப்பைத்தான் தர வேண்டும். விற்பனைத் தேதியின் மேக்ஸை, அதாவது டேட்டாவில் உள்ள கடைசித் தேதியை, நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதினால் மொத்த டேட்டாவுக்கும் ஒரே விடை வரும். பாராமீட்டர் தேதி வகை என்றால் ஃபீல்டும் தேதி வகையாகவே இருக்கட்டும், ஏனென்றால் பொருந்தும் மதிப்பு கிடைக்காதபோது டேப்லோ பழைய மதிப்பையே வைத்துக்கொள்ளும்.

மேக்ஸையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்கோ ஒருவர் 2025 என்பதை 2052 என்று தட்டியிருந்தால் டாஷ்போர்டு கிட்டத்தட்ட காலியாக வந்து நிற்கும். டேட்டா சரியாகவே இருந்தாலும், மாதம் பிறந்து மூன்றாம் நாள் திறப்பவருக்கு மூன்று நாள் விற்பனை போன மாத முழு விற்பனைக்குப் பக்கத்தில் தெரியும், பெரிய சரிவு என்று பதறிவிடுவார். அதனால் கடைசியாக முழுதாக முடிந்த மாதத்தையே டீஃபால்ட்டாக வைக்கச் சொல்வேன். இன்றைய தேதியைத் தரும் டுடே ஃபங்ஷனும் ஆபத்துதான், நேற்று வரைதான் டேட்டா ஏறியிருக்கிறது என்றால் இன்றைக்கு எதுவும் இருக்காது.

வளர்ச்சி விகிதம் போன்ற 'இப்படி நடந்தால்' பாராமீட்டர்களில் டீஃபால்ட்டை 0 என வையுங்கள். 10 சதவீதம் என்று விட்டால் அதையே நிறுவனத்தின் கணிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் 'அனைத்தும்' என்ற தேர்வு விஷயம். ஃபில்டரில் அது தானாக வரும், பாராமீட்டரில் வராது. பட்டியலில் நாமே சேர்த்து, கணக்கிலும் அதற்கு ஒரு நிபந்தனை எழுத வேண்டும். ஒரு ஃபீல்டிலிருந்து தானாகப் புதுப்பிக்கும் பட்டியல் என்றால் கையால் சேர்க்கவும் முடியாது, டேட்டாவிலேயே அந்த வரி இருக்க வேண்டும்.

எந்த மாதம், எந்த மண்டலம் என்பதைச் சார்ட் தலைப்பிலேயே பாராமீட்டரை நுழைத்துக் காட்டிவிடுங்கள், ஸ்க்ரீன்ஷாட்டோடு அதுவும் போகும். சோதிக்கும்போது ஒர்க்புக்கை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள், டீஃபால்ட் மாறுவது அப்போது தெரியும்.