நோயாளியை யாரிடம் ஒப்படைக்கிறார்கள்?

மருத்துவமனையில் ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவருக்கு ‘நோயாளி ஒப்படைப்பு’ என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது.

ஆங்கிலச் சொல்லில் பெரிய மர்மம் இல்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவது, அவ்வளவுதான். ஆனால் வார்டில் போவது எது? நோயாளி அதே கட்டிலில்தான் கிடக்கிறார். மாறுகிறவர் அவரைப் பார்த்துக்கொள்பவர். போய்ச் சேர வேண்டியது அவரைப் பற்றிய தகவலும் அவருக்கான பொறுப்பும். “காலையிலிருந்து சிறுநீர் குறைவு, பொட்டாசியம் ரிசல்ட் இன்னும் வரவில்லை, கூடுதலாக இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.” இதுதான் ஹேண்ட்ஓவர்.

‘ஒப்படைப்பு’ நாளிதழில் எங்கே வருகிறது? ‘பிரேதப் பரிசோதனைக்குப் பின் உடல் உறவினர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.’ அப்புறம், கண்டெடுத்த பணப்பை, பிடிபட்ட திருடன். உயிரோடு இருப்பவரையும் இந்த வரிசையிலா நிறுத்துவது?

‘கைமாற்று’ என்பவர்களும் உண்டு. கைக்குக் கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் கைமாற்று என்றால் அவசரத்துக்கு வட்டியில்லாமல் வாங்கும் கடன். ‘பணிமாற்றம்’ என்றாலோ டிரான்ஸ்பர் ஆர்டர் வந்ததாக நர்ஸ் பதறிப்போவார். அகராதியைப் புரட்டுகிறவர்கள் ஒருநாள் வார்டுக்குள் எட்டிப் பார்த்தால் தேவலை.

நான் சொல்வது ‘ஒப்புவிப்பு’. ஒப்புவித்தல் என்பதற்குப் பொறுப்பில் விடுதல் என்றும் பொருள், வாயால் சொல்லிக் காட்டுதல் என்றும் பொருள். ஹேண்ட்ஓவரில் நடக்கும் இரண்டும் ஒரே சொல்லில் ஏற்கெனவே இருக்க, புதிதாக எதற்கு ஒன்றைச் செய்ய வேண்டும்?

பாடம் ஒப்பிக்கிற வாடை அடிக்கிறதே என்பார்கள். அடிக்கட்டும். ஒப்புவிப்புக்கு ஒழுங்கு வகுத்த ‘ஐ-பாஸ்’ முறையில், கேட்டுக்கொண்டவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வதுதான் கடைசிப் படி. அதை 9 மருத்துவமனைகளில் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. கொடுப்பவர் ஒப்புவிக்கிறார், வாங்குபவரும் ஒப்புவிக்கிறார். ‘ஒப்படைப்பு’ என்றால் வாங்குபவருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை இருப்பதாகவே தெரியவில்லை.

‘ஷிஃப்ட்’டுக்கும் தமிழ் வேண்டும் என்று யாராவது வந்தால், ‘முறை’ இருக்கிறது. ‘ஒப்புவிப்பு’ அவசரத்தில் ‘ஒப்பிப்பு’ என்று தேய்ந்தாலும் எனக்குச் சம்மதம்.