பேஜினேஷன்: பக்கப் பகுப்பு என்று ஏன் சொல்ல வேண்டும்?

ஒரு வலைச்செயலியில் 4,000 பில்கள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே திரையில் கொட்டினால் உலாவி திணறும், பார்ப்பவரும் திணறுவார். அதனால் அட்டவணையை ஒரு தடவைக்கு 25 வரிசைகள் என்று வெட்டிக் காட்டி, அடியில் 1, 2, 3 என்று எண்களும் ‘முந்தைய’, ‘அடுத்த’ பட்டன்களும் வைக்கிறோம். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் பேஜினேஷன்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘பாங்கெரே’ என்ற வினைக்கு இறுகப் பொருத்துதல், ஊன்றி நிறுத்துதல் என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘பாகினா’. பாப்பிரஸ் தாள்களை ஒட்டிச் செய்த நீண்ட சுருளில், எழுத்தைச் செய்தித்தாளில் இருப்பதுபோல் பக்கம்பக்கமாக நிற்கும் செங்குத்துப் பத்திகளாக நிறுத்தி எழுதுவார்கள். அப்படி ஒரு பத்திதான் பாகினா. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘பேஜ்’ ஆனது. உடன்படிக்கையைக் குறிக்கும் ‘பேக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். இரண்டிலும் அடிப்படைக் கருத்து ஒன்றே: கட்டி நிறுத்தியது, இனி அசையாது.

அச்சு வந்த பிறகு பேஜினேஷன் என்பது பக்கங்களுக்கு எண் இடும் வேலையைக் குறித்தது. தொடக்கத்தில் எண் பக்கத்துக்குக் கிடையாது, தாளுக்குத்தான். 1470-இல் கொலோனில் ஆர்னால்ட் தெர் ஹூர்னென் அச்சிட்ட ஒரு பிரசங்க நூலில் தாள் எண்களைக் காணலாம். 1499-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் வெளியிட்ட பெரோட்டியின் லத்தீன் நூலில் தாளின் இரு புறமும் எண் வந்துவிட்டது. அந்த நூலுக்குப் பெரிய சொல்லடைவு இருந்தது, இடத்தைச் சுட்ட எண் தேவைப்பட்டது. நம் ஓலைச் சுவடிகளிலும் ஏட்டுக்குத்தான் எண். ஓரத்தில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணில் இருக்கும். ‘பக்கம்’ என்ற சொல்லுக்கு மூலப்பொருள் ‘புறம்’. ஏட்டுக்கு இரண்டு புறம் என்பதால், எழுதிய ஒவ்வொரு புறமும் பக்கம் ஆனது.

இப்போது தமிழ் நிகரிக்கு வருவோம். ‘பக்க எண்ணிடல்’ என்பது அச்சுப் பொருளுக்குச் சரியாக இருக்கும். ஆனால் வலை அட்டவணையில் எண் இடுவது கடைசி வேலை. முதல் வேலை வெட்டுவது. ‘பக்கமாக்கல்’ என்றும் சொல்கிறார்கள். பிழையில்லை, ஆனால் வெட்டிய பக்கம் அப்படியே உட்கார்ந்திருக்கும் என்ற எண்ணத்தை அது தருகிறது. நான் ‘பக்கப் பகுப்பு’ என்ற சொல்லையே தேர்ந்தெடுப்பேன். ஏனென்றால் செயலியில் பகுப்பு ஒவ்வொரு கிளிக்கிலும் புதிதாக நடக்கிறது. புத்தகத்தில் 37-ஆம் பக்கம் நாளைக்கும் அதே 37-ஆம் பக்கம். அட்டவணையில் மூன்றாம் பக்கம் என்று ஒன்று எங்கும் சேமித்து வைக்கப்படவில்லை. ‘முதல் 50 வரிசைகளைத் தள்ளிவிட்டு அடுத்த 25-ஐக் கொடு’ என்று தரவுத்தளத்தை அந்த நொடியில் கேட்பதற்குத்தான் நாம் மூன்றாம் பக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். தள்ளிவிடுவது ஆஃப்செட், எடுப்பது லிமிட். இதைப் பிடித்துக்கொண்டால் பக்கப் பகுப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கும்.

அடிக்கடி வரும் புகார்: ஒரே வரிசை முதல் பக்கத்திலும் இரண்டாம் பக்கத்திலும் வருகிறது, வேறொன்று எங்குமே வரவில்லை. வினவலில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில், வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் தரவுத்தளம் எந்த வரிசைமுறைக்கும் கட்டுப்பட்டதல்ல. ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி தரலாம். இருந்தும் கோளாறு என்றால், எதை வைத்து வரிசைப்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். மதிப்பெண்ணை வைத்து அடுக்கும்போது 72 வாங்கியவர்கள் நாற்பது பேர் இருந்தால், அந்த நாற்பது பேருக்குள் யார் முந்தி என்று யாரும் சொல்லவில்லை. மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஐடி போன்ற, எந்த இரண்டு பதிவுக்கும் ஒன்றாக இராத தனித்த புலம் ஒன்றையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். ஒரு வார்த்தைத் திருத்தம்தான், ஆனால் சின்னச் சோதனைத் தரவில் இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

அடுத்தது தரவு நகர்வதால் வருவது. புதிய பில் மேலே வரும்படி அடுக்கியிருக்கிறீர்கள். பயனர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பில் சேர்ந்தால் எல்லாம் ஒரு படி கீழே இறங்கும். முதல் பக்கத்தின் கடைசி வரிசை இரண்டாம் பக்கத்தில் மறுபடி தலைகாட்டும். ஒன்றை அழித்தால் நேர் எதிர், ஒரு வரிசை இடையில் விட்டுப்போகும். திரையில் பார்ப்பவருக்கு இது சின்னத் தொந்தரவு. பின்னணியில் ஓடும் வேலைகளில் இது உண்மையிலேயே ஆபத்து. ‘நிலுவை’ என்றிருக்கும் பதிவுகளை நூறு நூறாக எடுத்து ‘முடிந்தது’ என்று மாற்றும் நிரலை நினைத்துப் பாருங்கள். முதல் நூறு முடிந்ததும் அவை நிலுவைப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடும். அப்புறம் நிரல் இரண்டாம் பக்கம் கேட்கும்போது, மிச்சமிருப்பதில் முதல் நூறைத் தாண்டிக் குதிக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, பாதிப் பதிவுகள் அப்படியே நிற்கும். இங்கே எப்போதும் முதல் பக்கத்தையே கேட்பதுதான் வழி.

ஏழாம் பக்கத்தில் இருந்துகொண்டு தேடினால் வெறும் அட்டவணை வருகிறதா? தேடல் முடிவு இரண்டே பக்கம், செயலி இன்னும் ஏழாவதைக் கேட்கிறது. வடிகட்டி மாறினால் பக்கம் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். கடைசிப் பக்கத்தின் ஒரே வரிசையை அழித்தாலும் இதே கதைதான். எண்ணும் முறையும் காலை வாரும். செயலி எழுத உதவும் நிரல் கட்டமைப்புகளில் ஸ்பிரிங் டேட்டா பக்கங்களைச் சுழியத்திலிருந்து எண்ணும், ஜாங்கோவும் லாராவெலும் ஒன்றிலிருந்து எண்ணும். ஒன்றிலிருந்து எண்ணும் திரையைச் சுழியத்திலிருந்து எண்ணும் சர்வரோடு இணைத்தால் முதல் 25 வரிசைகள் காணாமல் போகும்.

உலாவியில் அட்டவணை காட்ட உதவும் டேட்டாடேபிள்ஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துவோர் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, முதல் பக்கத்தில் ‘திருத்து’ பட்டன் வேலை செய்யும், இரண்டாம் பக்கத்தில் செய்யாது. காரணம், மற்றப் பக்கங்களின் வரிசைகள் அந்த நேரத்தில் ஆவண மரத்திலேயே, அதாவது உலாவி வைத்திருக்கும் பக்க உறுப்புகளின் அமைப்பிலேயே, இல்லை. கிளிக் நிகழ்வை இருந்த பட்டன்களில் மட்டும் கட்டிவிட்டீர்கள். நிகழ்வை அட்டவணையின் மேல் கட்டி, உள்ளே எந்தப் பட்டன் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு பக்கத்தில் டிக் செய்த பெட்டிகள் படிவத்தோடு போகாததற்கும் இதுவே காரணம். மற்றொன்று சர்வர் வழிப் பகுப்பில் வருவது. ரெக்கார்ட்ஸ்ஃபில்டர்டு என்ற புலத்தில், வடிகட்டிய பிறகு மொத்தம் எத்தனை என்று சொல்ல வேண்டும். அனுப்பிய வரிசைகளின் எண்ணிக்கையைப் போட்டுவிட்டால், 4,000 பில்கள் இருந்தும் ஒரே ஒரு பக்கம்தான் காட்டும்.

ஆழமான பக்கங்கள் மெதுவாக வருவதற்கும் ஆஃப்செட்டே பொறுப்பு. ஒரு லட்சம் வரிசைகளைத் தள்ளிவிட, தரவுத்தளம் அந்த ஒரு லட்சத்தையும் கடந்துதான் போக வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் இதனால்தான் இயல்பாக 10,000 முடிவுகளுக்கு மேல் இந்த வழியில் போக விடுவதில்லை.

மாற்றுவழி கீசெட் பேஜினேஷன். கர்சர் பேஜினேஷன் என்பதும் கிட்டத்தட்ட இதைத்தான் குறிக்கிறது. ‘50-ஐத் தள்ளு’ என்பதற்குப் பதில் ‘கடைசியாகப் பார்த்த இந்தப் பதிவுக்கு அடுத்தவற்றைக் கொடு’ என்று கேட்பது. கர்சருக்குச் ‘சுட்டி’ என்றால் மவுஸோடு குழம்பும். ‘தொடர்குறி’ எனலாம், முறையைத் ‘தொடர்குறிப் பகுப்பு’ எனலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரே வகைக் கட்டுரைகளைத் தொகுக்கும் பட்டியலுக்கும் ‘பகுப்பு’ என்றே பெயர். அப்படிப் பெரிய பட்டியல் ஒன்றைத் திறந்து பாருங்கள். 200 கட்டுரைப் பெயர்களுக்குப் பிறகு ‘அடுத்த’ என்ற இணைப்பு வரும். அதன் முகவரியில் பக்க எண் இருக்காது, எந்தத் தலைப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற குறிதான் இருக்கும். இடையில் கட்டுரைகள் சேர்ந்தாலும் நீக்கப்பட்டாலும் அந்த இணைப்பு வழுக்காது.

விலை என்னவென்றால், நேராக 37-ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாது. கணக்கர் ஒருவர் பழைய பில்லைத் தேடிப் பக்கம் பக்கமாகத் தாவும் திரைக்கு ஆஃப்செட்டே போதும், தரவும் சில ஆயிரம்தான். கீழே இறங்கிக்கொண்டே போகும் பட்டியலுக்கும், வெளியே ஏற்றுமதி செய்யும் நிரலுக்கும் தொடர்குறிப் பகுப்பு வேண்டும். அங்கேயும் குறி தனித்ததாக இருக்க வேண்டும். தேதியை மட்டும் குறியாக வைத்தால் ஒரே நொடியில் பதிவான இரண்டு பில்களில் ஒன்று விட்டுப்போகலாம், எனவே தேதியோடு ஐடியையும் சேர்த்தே அனுப்புங்கள்.