'சிலைத் திரை' அல்ல, திருவோவியத் தடுப்பு

சைப்ரஸ் தீவின் துரோதோஸ் மலையூரான பெதூலாஸில் 1474இல் கட்டிய அதிதூதர் மிக்கேல் கோவிலைப் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில் மறுபடியும் 'சிலைத் திரை' வந்துவிட்டது. ஐகானோஸ்டாசிஸ் என்பதற்கு இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது மூன்றாவது முறை. இனியும் பொறுக்க முடியவில்லை.

கிரேக்கத்தில் 'ஐகோன்' என்றால் உருவம், சாயல்; 'ஸ்டாசிஸ்' என்றால் நிற்றல். மக்கள் நிற்கும் கூடத்துக்கும் பலிபீடம் இருக்கும் தூயகத்துக்கும் நடுவே, திருவுருவப் படங்களைத் தாங்கி நிற்கும் அமைப்பு அது.

இதில் சிலை எங்கே இருக்கிறது? கிழக்குக் கிறிஸ்தவமான ஆர்த்தடாக்ஸ் மரபின் ஐகான், மரப்பலகையில் வெண்பூச்சு பூசி, முட்டை மஞ்சள் கருவில் குழைத்த நிறங்களால் தீட்டிய ஓவியம். அந்தக் கோவில்களில் முழுச் சிற்பம் வைக்கும் வழக்கம் அநேகமாக இல்லை. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சுரூபம் என்னும் சிலையையும் படத்தையும் ஒருநாளும் குழப்புவதில்லை, மொழிபெயர்ப்பாளர்கள்தான் குழப்புகிறார்கள். கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தில், ஐகான்களை வணங்கலாமா என்று 8, 9ஆம் நூற்றாண்டுகளில் நடந்து 843இல் முடிந்த போராட்டத்தைச் 'சிலை உடைப்பு' என்று எழுதுவதும் இதே பிழைதான். அங்கே சண்டை பெரும்பாலும் ஓவியங்களைப் பற்றியது.

சிலர் 'ஓவியத் திரை' என்கிறார்கள். சிலையை விட்டதற்கு நன்றி, ஆனால் திரையை ஏன் விடவில்லை? தமிழில் திரை என்றால் துணி. ஓவியத் திரை என்றதும் நாடக மேடையின் வண்ணச் சீலைதான் கண்ணில் நிற்கும். இதுவோ மரத்தாலோ கல்லாலோ ஆனது, கதவுகள் உள்ளது. அதன் நடுவாயிலைக் கிரேக்கர்கள் 'அழகிய வாயில்' என்பார்கள். அந்த வாயிலுக்குத் துணித்திரை தனியே உண்டு. இரண்டையும் திரை என்றால் வழிபாட்டின்போது எது விலகுகிறது என்று படிப்பவருக்கு எப்படிப் புரியும்? 'தட்டி'யையும் நினைத்துப் பார்த்தேன். கீற்றும் மூங்கிலும் நினைவுக்கு வருகின்றன. 'தடுப்பு' உறுதியான சொல், பொருளும் சரி. தொடக்க காலத்தில் அது தாழ்வான பளிங்குத் தடுப்பாகவே இருந்தது. தூண்களுக்கு இடையே ஓவியங்கள் பிற்பாடுதான் ஏறின.

பெதூலாஸ் கோவில் சின்னது. ஒற்றைக் கூடம், பனிக்காகச் செங்குத்தாகச் சரித்த மரக்கூரை. சுவரோவியங்கள் மினாஸ் என்பவர் தீட்டியவை. அந்தக் கட்டுரையாளர் 'மரத்தாலான திருவோவியத் தடுப்பு தூயகத்தைக் கூடத்திலிருந்து பிரிக்கிறது' என்று எழுதியிருந்தால் போதும்.