போவே பேராலயத்தின் கற்கூரை ஏன் விழுந்தது?

பாரிஸுக்கு வடக்கே போவே நகரில் ஒரு பாதிப் பேராலயம் நிற்கிறது. பீடப்பகுதியும் அதையொட்டிய குறுக்கு மண்டபமும் உண்டு. மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடம் கட்டப்படவே இல்லை. பீடப்பகுதியின் கற்கூரை ஏறத்தாழ 48 மீட்டர் உயரம். கோதிக் எனப்படும் இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியில் எழுந்த ஆலயங்களில் இதை விஞ்சிய பீடக்கூரை கிடையாது. 1225-ல் தொடங்கிய பீடப்பகுதி வேலை 1272-ல் முடிந்தது. 1284-ல் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

பாரம் தாங்காமல் கல் நசுங்கியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இத்தகைய கட்டடங்களில் கல்லின் மீது இறங்கும் அழுத்தம், அதை நொறுக்கத் தேவையானதில் சிறு பங்குதான். ஆபத்து பக்கவாட்டில் இருக்கிறது. சுவரில் சாய்த்த ஏணியின் கால் வெளிப்புறமாக வழுக்கப் பார்ப்பதுபோல, வளைவான கூரையும் தன்னைத் தாங்கும் சுவர்களை வெளியே தள்ளுகிறது. ஏணியை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் தள்ளுதல் குறையும். கோதிக் கொத்தர்கள் அரைவட்ட வளைவை விட்டுக் கூர்முனை வளைவைப் பிடித்துக்கொண்டதில் இந்த லாபமும் இருந்தது. மிச்சமிருக்கும் தள்ளுவிசையை, சுவருக்கு வெளியே அந்தரத்தில் பாயும் அரைவளைவு முட்டுகள் ஏந்திக்கொண்டுபோய்த் தடித்த வெளித்தூண்கள் வழியாக நிலத்தில் இறக்கிவிடும். பாரம் வேறு வழியில் இறங்குவதால்தான் சுவரில் அத்தனை பெரிய கண்ணாடி ஜன்னல்களைத் திறக்க முடிந்தது.

அப்படியானால் போவேயில் தவறியது எது? ஜாக் ஹைமன் என்ற பிரிட்டிஷ் பொறியியலாளர் சுண்ணாம்புச் சாந்தைக் கைகாட்டினார். அது இறுகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் பாரத்தில் மெல்ல அமுங்கும். பல அடுக்குகளாகச் சாந்திட்டுக் கட்டிய தூண் குறுகும்போது, பக்கத்திலுள்ள மெல்லிய ஒற்றைக்கல் கம்பங்கள் குறுகாமல் அந்தப் பாரத்தைத் தாங்களே சுமந்து முறிந்திருக்கலாம். அமெரிக்கரான ராபர்ட் மார்க்கோ, வெளித்தூண்களைப் பலத்த காற்று அசைத்து விரிசல் விடவைத்தது என்றார். கட்டி முடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே இடிந்தது என்பதால் எனக்குச் சாந்துக் கதையே பொருத்தமாகப் படுகிறது. காற்றுக்கு அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் வாதம். புயல் எப்போது வரும் என்று யார் கண்டார் என்று மறுதரப்பு கேட்கலாம்.

பின்னர் வந்தவர்கள் தூண்களுக்கு இடையில் புதுத் தூண்களைச் செருகிக் கூரையை மீண்டும் எழுப்பினார்கள். அதோடு நிற்கவில்லை. 1569-ல் குறுக்கு மண்டபத்தின் நடுவே 153 மீட்டர் உயரக் கோபுரம் ஏறியது. மேற்குப் பக்கத்தில் முட்டுக்கொடுக்க நடுக்கூடம் இல்லை. நான்கே ஆண்டுகளில் கோபுரம் விழுந்தது.

வெளித்தூண்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்த இரும்புக் கம்பிகளைத் தேவையற்ற அசிங்கம் என்று 1960-களில் கழற்றினார்கள். காற்றில் கட்டடம் ஆடத் தொடங்கியதும் அவசரமாக எஃகுக் கம்பிகளைப் பொருத்தினார்கள். புதிய கம்பிகளோ கட்டடத்தை முன்பைவிட விறைப்பாக்கின. அதனாலேயே புதிய விரிசல்கள் வந்திருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. 1990-களில் குறுக்கு மண்டபத்துக்குள்ளேயே பெரிய மரச்சட்டங்களை நிறுத்தி முட்டுக்கொடுத்தார்கள்.