மிதிக்காமலே வெடிக்கும் காலம்

மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் வெடிபொருள் விழிப்புணர்வுக்காகப் படுவான்கரைக் கிராமங்களுக்கு நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது அங்கே உக்ரைனைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். உக்ரைனில் போடுவதும் நமது மிதிவெடி போன்றதுதானா என்று.

இல்லை. பொருள் மட்டுமல்ல, அதன் பின்னால் இருக்கும் போர்க் கோட்பாடே மாறிவிட்டது.

எங்கள் போரில் மிதிவெடி ஒரு வேலி. எதிரி வரும் திசையைக் கணித்து, மண் அணைக்கும் காவலரணுக்கும் முன்னால் கையால் புதைத்தார்கள். அதனால் அகற்றப் போனவர்களுக்குத் தடயம் இருந்தது: இராணுவத்தின் பதிவேடு, சிதைந்த மண் அணை, அங்கே நின்றவர்களின் ஞாபகம். மண்டையோட்டுப் பலகை நட்டால் எல்லை எது என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கியது.

இன்று எதிரி நகரத் தொடங்கிய பிறகே அவனது பாதையில் ரொக்கெட்டாலும் ட்ரோனாலும் வெடிகளைத் தூவுகிறார்கள். எது எங்கே விழுந்தது என்று தூவியவருக்கே துல்லியமாகத் தெரியாது. இப்படித் தூவும் மிதிவெடிகளில் பத்தில் குறைந்தது ஒன்பது 30 நாட்களுக்குள் தானாக அழிய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறை. 120 நாட்களின் பின் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் இயங்கக்கூடாதாம். இயங்காவிட்டாலும் உள்ளே வெடிமருந்து அப்படியேதான் இருக்கும். அந்த நிலத்தில் மாடு மேய்க்கப் போகிறவருக்கு இந்த விகிதக் கணக்கால் என்ன ஆறுதல்?

2022இல் ரஷ்யா உக்ரைனில் பயன்படுத்திய போம்-3 என்ற கண்ணிவெடி இன்னும் மோசம். அதை மிதிக்கவே தேவையில்லை. நடப்பவரின் காலடி அதிர்வை உணர்ந்து வெடிக்கும். மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகத் தோண்டும் எங்கள் முறை அதனிடம் செல்லாது. ஆளை அனுப்பாமல் இயந்திரத்தைத்தான் அனுப்ப வேண்டும்.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. 2025இல் பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய ஐந்தும் அதிலிருந்து விலக முடிவெடுத்தன. ஐந்துக்கும் ரஷ்யாவோடு எல்லை உண்டு. அவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் போர் முடிந்த நிலத்தில் உழப்போவது அவர்களின் பிள்ளைகள்தானே.

பிள்ளைகள் என்றதும் ஒன்று. எங்கள் சுவரொட்டிகளில் இருப்பவை பச்சை நிற மிதிவெடியும் துருப்பிடித்த எறிகணையும். ட்ரோன் என்றால் இங்குள்ள பிள்ளைக்குக் கலியாண வீட்டில் படமெடுக்கும் கருவி. ஒன்று விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்கும். போர்க்களத்தில் வெடிக்காமல் விழும் ட்ரோனின் வயிற்றில் குண்டு இருக்கும். அந்தப் படத்தையும் இப்போதே காட்டத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே இன்றும் புதர் வெட்டும்போதோ கிணறு தோண்டும்போதோ சந்தேகமான பொருள் தென்பட்டால், பழைய இரும்புக்கு ஆகும் என்று கை வைக்காதீர்கள். வந்த வழியே திரும்பி, நன்கு விலகிய பிறகு பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள். அருகில் நின்று படம் எடுக்கவும் வேண்டாம்.