மலையேறும் வண்டி சில்க் போர்டு நெரிசலில் என்ன செய்கிறது?

பெங்களூரு ஓசூர் ரோட்டில், நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பருகே காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் மகிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் குர்கா, டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் என ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் எல்லாம் ஆபீஸ் கார்களோடு கார்களாக ஊர்ந்துகொண்டிருக்கும். இந்த வண்டிகள் அன்றாட ஓட்டத்துக்கு அதிகப்படியா என்ற கேள்வி வரும்போது பேச்சு விலையிலும் மைலேஜிலும் நின்றுவிடுகிறது. இயந்திரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையானது. சேறு, மணல், பாறை எனச் சக்கரம் வழுக்கும் தரைக்காகச் செய்த உறுப்புகள், வழுக்காத தார் ரோட்டில் சும்மா கிடப்பதில்லை. பெரும்பாலானவை ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏதோ ஒன்றை வண்டியிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன.

முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது இன்ஜினின் இழுவையை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்து அனுப்பும் பல்சக்கரப் பெட்டி. மேலே சொன்ன வண்டிகளில் இருப்பது ‘பார்ட் டைம்’ ஃபோர் வீல் டிரைவ்: தேவைப்படும்போது மட்டும் ஓட்டுபவர் நான்கு சக்கரத்துக்கும் மாற்றிக்கொள்வது. டூ ஹையில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். ஃபோர் ஹைக்கு மாற்றினால் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் போகும் இரண்டு ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். நேர் ரோட்டில் தொந்தரவு தெரியாது, திரும்பும்போதுதான் சிக்கல். மூன்று கதவுத் தாரின் வீல்பேஸ் 2,450 மி.மீ. பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 5.5 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 6.02 மீட்டர் ஆரத்தில் வளையும். ஒரு தெருமுனையில் 90 டிகிரி திரும்பி முடிப்பதற்குள் பின்பக்கம் 8.64 மீட்டரும் முன்பக்கம் 9.46 மீட்டரும் போயிருக்கும். வித்தியாசம் 82 செ.மீ. 255/65 ஆர்18 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.48 மீட்டர். அப்படியானால் ஒரே திருப்பத்தில் சக்கரத்தின் மூன்றில் ஒரு சுற்று எங்கோ கணக்குத் தீர்ந்தாக வேண்டும். மண்ணில் டயர் வழுக்கித் தீர்த்துவிடும். தார் ரோட்டில் வழுக்க முடியாததால் அந்த முறுக்கு ஷாஃப்ட், யுனிவர்சல் ஜாயின்ட், டிரான்ஸ்ஃபர் கேஸின் செயின், ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தின் பற்கள் ஆகியவற்றில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்டியரிங் கனக்கும், டயர் கீச்சிடும், டூ ஹைக்குத் திரும்ப லிவர் மறுக்கும். லிவரை அடித்துத் தள்ளக் கூடாது. ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் ரிவர்ஸில் போனால் முறுக்கு அவிழ்ந்து லிவர் தானாக இறங்கும். மழை பெய்ததும் நகரத்துக்குள் ஃபோர் ஹை போடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. நனைந்த தார் ரோட்டிலும் இந்த முறுக்கைத் தீர்க்கும் அளவுக்கு வழுக்கல் கிடையாது. பிரேக்குக்கும் இதனால் எந்த உதவியும் இல்லை. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போல, முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் தனி டிஃபரன்ஷியல் நடுவில் உள்ள வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஃபோர் லோ வேறு வேலைக்கானது. மாடலைப் பொறுத்து வேகத்தை 2 முதல் 2.7 மடங்கு வரை குறைத்து, அதே அளவுக்கு இழுவையைக் கூட்டும். முதல் கியரும் ஆக்ஸில் விகிதமும் சேர்ந்து மொத்தம் 40:1 வருகிறது என்று வைத்தால், இன்ஜின் 1,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது வண்டி மணிக்கு 3.7 கி.மீ.யில் நகரும். பாறையில் ஏறி இறங்க அருமையான வேகம். நகரத்தில் இதற்கு வேலையே வராது. வேலை வராததும் ஒரு கெடுதல்தான்: முன் கிரவுன், ஷாஃப்ட், மாற்றும் மோட்டார் எல்லாம் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் மேல்பற்களில் ஆயில் படலம் வடிந்துபோகும், நகரும் பகுதிகள் இறுகும். மாதம் 16 கி.மீ.யாவது ஃபோர் வீலில் ஓட்டச் சொல்லி டொயோட்டாவின் கையேடே அறிவுறுத்துகிறது. இறுகாத மண் பாதையில், வளைவு குறைவாக, அதைச் செய்வது நல்லது.

அடுத்தது எடை. போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி பெங்களூரில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 வினாடி ஆகிறது, மணிக்கு 17.6 கி.மீ. இந்த வேகத்தில் காற்றுத்தடை பெரிய செலவில்லை. நின்று நின்று கிளம்புவதே செலவு. ஆளோடு 1,850 கிலோ உள்ள வண்டியை 40 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர சுமார் 114 கிலோஜூல் தேவை. 1,000 கிலோ ஹேட்ச்பேக்குக்கு 62 போதும். டீசலின் ஆற்றலில் கால்பங்கு சக்கரத்துக்கு வருகிறது என்று கொண்டால், பெரிய வண்டி ஒவ்வொரு தடவை கிளம்பவும் ஏறத்தாழ 13 மில்லி டீசல் கேட்கும். 40 தடவை நின்று போனால் அரை லிட்டர். அடுத்த சிக்னலில் பிரேக் மிதித்ததும் அத்தனையும் டிஸ்க்கில் சூடாகப் போய்விடும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், 20 கி.மீ.யோடு நிறுத்தி நகர்ந்தால் செலவு கால்பங்குதான். முன்னால் இடைவெளி விழுந்தவுடன் பாய்ந்து பிறகு பிரேக் போடும் பழக்கத்துக்கு இந்த வண்டிகளில் விலை மிக அதிகம்.

ஆனால் நகர ஓட்டத்தில் பர்ஸைக் கடிப்பது பெரும்பாலும் டீசல் வடிகட்டிதான். தார் ராக்ஸில் ஃபோர் வீல் வேண்டுமென்றால் டீசல் மட்டுமே. குர்கா, ஹைலக்ஸ், வி-கிராஸ் ஆகியவையும் டீசல். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் டி.பி.எஃப். எனப்படும் பீங்கான் வடிகட்டி இருக்கிறது. அது கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எரித்துத் தள்ள வேண்டும். அதற்குப் புகை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். இன்ஜின் கம்ப்யூட்டர் இதற்காகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகச் சிலிண்டரில் விடும். இந்த எரிப்பு முடியப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும், அதுவும் வண்டி சீராக ஓடினால்.

கோரமங்களாவிலிருந்து பெல்லந்தூர் வரை ஊர்ந்துபோய் இன்ஜினை அணைப்பவருக்கு இந்த எரிப்பு பாதியில் அறுந்துபோகும். மறுநாள் மீண்டும் தொடங்கும், மீண்டும் அறும். தாமதமாக விட்ட டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரை ஒட்டிக் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் கேஜை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும், டீசல் வாடை வரும். நீர்த்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தேய்க்கும். எனவே ஆயில் மேல் கோட்டைத் தாண்டினால் அடுத்த சர்வீஸுக்குக் காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். ஊற்றுவது கையேட்டில் சொன்ன லோ ஆஷ் ஆயிலாக இருக்கட்டும்; வேறு ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கினால் எந்தச் சூட்டிலும் எரியாது.

வண்டி நிற்கும்போது ஐடிலிங் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால், ஃபேன் பலமாகச் சுற்றினால், அடியில் சூட்டு வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். அப்போது அணைக்காமல் இன்னும் சற்றுத் தூரம் ஓட்டுவது நல்லது. வாரம் ஒருமுறை, நகரைச் சுற்றிப்போகும் நைஸ் ரோட்டிலோ, ஓசூர் பக்கமாக அத்திப்பள்ளி தாண்டியோ 2,000 ஆர்.பி.எம். சுமாருக்கு 25 நிமிடம் சீராக ஓட்ட முடியுமா? முடியாதென்றால் இந்த நகரத்தில் டீசல் ஃபோர் வீல் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. வாரக்கடைசியில் கிருஷ்ணகிரி, சேலம் என்று ஊருக்குப் போய்வருகிற குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை தானாகத் தீர்ந்துவிடும்.

சஸ்பென்ஷனைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: பாலைவனத்தில் பறக்கும் வண்டி பெங்களூரு பள்ளத்தில் மெத்தையாகப் போகும் என்று. ஷாக் அப்சார்பரின் எதிர்ப்பு, அதன் தண்டு நகரும் வேகத்தைப் பொறுத்தது. 10 செ.மீ. உயர வேகத்தடையின் 1.5 மீட்டர் ஏற்றத்தில் 15 கி.மீ. வேகத்தில் ஏறினால் சக்கரம் மேலெழும் வேகம் நொடிக்கு 0.28 மீட்டர். ஃபோர்டு எஃப்-150 ராப்டர் போன்ற வண்டிகளின் நீண்ட ஷாக், 30 செ.மீ. மணல் மேட்டில் 80 கி.மீ. வேகத்தில் மோதுவதற்கானது, 2 மீட்டருக்குள் ஏறும் அந்த மேட்டில் இது நொடிக்கு 3.3 மீட்டர், பன்னிரண்டு மடங்கு. எண்ணெயைத் தனித் தொட்டியில் குளிரவைப்பதும் பெரிய பிஸ்டனும் அந்த வேகத்தில் பிறக்கும் சூட்டைத் தாங்கத்தான். நம் தெருவில் அவற்றின் திறமைக்கு இடமே வராது. இந்தியாவில் விற்கும் டிஃபெண்டர் ஆக்டாவின் 635 குதிரைத்திறனுக்கும் அதே நிலைதான்.

பிக்கப்பின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கோ பாரத்துக்காகக் கணக்கிட்டது. பின் ஆக்ஸிலின் மேல் 1,400 கிலோ இருக்கும்போது நிதானமாக ஆடுவது, காலியாக 700 கிலோவில் 1.4 மடங்கு விரைவாகத் துள்ளும். பின் இருக்கையில் வயதானவர்கள் உட்காரும் வீடாக இருந்தால், ஷோரூம் வாசலில் அல்லாமல் வேகத்தடை நிறைந்த தெருவில், அவர்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

வாங்கியதும் டயரைப் பெரிதாக்கி, வண்டியை 2 இன்ச் தூக்கும் ஆசை வரும். சேற்றுக்கான மட் டெரெய்ன் டயரில் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம்; அதாவது தார் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு, நனைந்த ரோட்டில் பிரேக் தூரம் அதிகம். 245/75 ஆர்16 இருந்த இடத்தில் 265/75 போட்டால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ல் போகும். உயரம் இன்னும் கவலைக்குரியது. சக்கரங்களின் இடைவெளியை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் வண்டி கவிழாமல் நிற்கும் திறன் தெரியும், அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. இந்த விகிதத்தையே பயன்படுத்துகிறது. இடைவெளி 1.52 மீ., மைய உயரம் 0.72 மீ. என்றால் 1.06. மையம் 5 செ.மீ. ஏறினால் 0.99. செடான்களுக்கு இது 1.3-க்கு மேல் இருக்கும். ரிங் ரோட்டில் குறுக்கே வந்த பைக்குக்காக ஸ்டியரிங்கை வெட்டும் கணத்தில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இத்தகைய மாற்றங்களை அனுமதிப்பதில்லை. இன்சூரன்ஸ் க்ளெய்மிலும் தகராறு வரும். பம்பருக்கு முன்னால் கூடுதலாக மாட்டும் இரும்புத் தடுப்பான புல் பாருக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின் அதிர்ச்சி நேரே சேஸிஸுக்குப் போய் ஏர்பேக் சென்சாரின் கணக்கைக் குழப்பும், நடந்துபோகிறவரை நசுக்கும்.

2022 செப்டம்பரில் பெல்லந்தூரும் சர்ஜாபூர் ரோடும் மூழ்கிய பிறகு, “தண்ணீருக்காகவாவது இப்படி ஒன்று வேண்டும்” என்ற பேச்சு பெருகியது. தாருக்கு 650 மி.மீ. ஆழம் வரை அனுமதி. அந்த எண், தேங்கி நிற்கும் தண்ணீரில், தரை தெரிந்த இடத்தில், நடக்கும் வேகத்தில் போவதற்கு. வண்டியின் அடித்தளம் 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் 65 செ.மீ. தண்ணீரில் 20 செ.மீ. மூழ்கும். 1.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீளம் என்று கொண்டால் தண்ணீர் 750 கிலோவைத் தூக்கிவிடும். டயர் தரையை அழுத்தும் பலத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஓட்டம் உள்ள தண்ணீரானால் வண்டி பக்கவாட்டில் நகரத் தொடங்கும், ஃபோர் லோவில் இருந்தாலும்.

2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 16:1 அழுத்த விகிதம் உள்ள இன்ஜினில், பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் சிலிண்டருக்குச் சுமார் 37 மில்லிலிட்டர்தான். அதைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே போனால், தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. கட்டி இழுத்துப் போக வேண்டும். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். பத்திரமாகக் கடந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரவுன் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். சுரங்கப்பாதைக்குள் மட்டும் எந்த வண்டியும் இறங்க வேண்டாம். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் காருக்குள் சிக்கி ஒரு இளம்பெண் இறந்தார். ஆழம் வெளியே தெரியாத இடம் அது.

பானட் உயரத்தையும் சொல்ல வேண்டும். ஓட்டுபவரின் கண் 1.5 மீட்டரிலும், அதற்கு 2 மீட்டர் முன்னே பானட் விளிம்பு 1.1 மீட்டரிலும் இருந்தால், பம்பருக்கு முன் ஐந்தரை மீட்டர் வரை தரை தெரியாது. ஒரு மீட்டர் உயரக் குழந்தை பம்பரிலிருந்து அரை மீட்டருக்குள் நின்றால் முழுதாக மறைந்துவிடும். அபார்ட்மென்ட் வளாகத்தில் ஓட்டுகிறவர் முன் கேமரா போட்டே ஆக வேண்டும். 5,325 மி.மீ. நீள ஹைலக்ஸ், 5 மீட்டர் பார்க்கிங் கட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த வண்டிகளிடமிருந்து நகரத்துக்கு உண்மையில் உதவுவது இரண்டே: தரை இடைவெளி, டயரின் பக்கச்சுவர். பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே டயர் நசுங்காமல் காப்பது பக்கச்சுவர்தான். டயர் எண்ணில் முதலாவது மி.மீ.யில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. 255/65-இல் அது 166 மி.மீ., ஜிம்னியின் 195/80-இல் 156. காம்பாக்ட் எஸ்.யூ.வி.யின் 215/60-இல் 129, உயர் வேரியன்ட்டின் 215/55-இல் 118. ஆகவே 200 மி.மீ. சுமார் தரை இடைவெளியும், ஒரு இன்ச் சிறிய ரிம்மும் உள்ள பெட்ரோல் காம்பாக்ட் எஸ்.யூ.வி. பெங்களூருக்குப் போதும். கனகபுரா பக்கமோ தேன்கனிக்கோட்டை பக்கமோ தோட்டம் வைத்திருந்து, மழைக்காலத்தில் கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் சேறாகிவிடும் என்றால் ஃபோர் வீல் நியாயமான தேவை. அவர்களுக்கும், நகர ஓட்டமே அதிகம் என்றால், 1,200 கிலோவில் பெட்ரோலில் வரும் ஜிம்னியே குறைந்த தண்டனை.

பழைய வண்டி பார்க்கிறவர்கள் நேரான மண் பாதைக்குக் கொண்டுபோய் ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டு எடுங்கள். லிவரோ ஸ்விட்சோ தயங்கினால், முன் ஆக்ஸிலில் உறுமல் கேட்டால், பல வருடம் டூ ஹையிலேயே ஓடிய வண்டி என்று கொள்ளலாம். டீசலானால் கேஜை உருவி ஆயில் அளவையும் வாடையையும் பாருங்கள். டி.பி.எஃப்.பில் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கடைசி எரிப்பு எத்தனை கிலோமீட்டருக்கு முன் முழுதாக முடிந்தது என்பதை ஸ்கேனரில் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.