“சுகரால்தான் போனவர்” என்று சொல்கிற பிள்ளைகளுக்கு

போன கிழமை இரவு எட்டரை மணிக்கு ஓர் அம்மாவை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். வயது 66. காய்ச்சலும் இருமலும் தொடங்கி அன்றைக்கு ஏழாம் நாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று காட்டும் ஒட்சிமீற்றரை விரலில் மாட்டினால் 71 காட்டுகிறது.

“நேற்றுவரைக்கும் நல்லாத்தான் இருந்தவ டொக்டர். கதைச்சுக்கொண்டுதான் இருந்தவ” என்றார் மகன்.

மருந்துக்கடையில் வாங்கிய அன்ரிபயோட்டிக், கொத்தமல்லித் தண்ணீர், வேப்பிலை போட்டு ஆவி. ஆறு நாள் இதுதான் வைத்தியம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பதினொரு கிலோமீற்றர். ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டேன்.

“அப்பாவையும் இஞ்சதான் கொண்டுவந்தனாங்கள். உயிரோட திரும்பி வரேல்லை.”

விடியப்புறம் நாலு மணிக்கு அம்மாவும் போய்விட்டார். நியூமோனியா. இப்படிப் பிந்தி வந்து, நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஆட்களில் இந்த இரண்டு மாதத்தில் இவர் நான்காவது. அதனால்தான் எழுதுகிறேன். மகனின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஊரையும் பேரையும் தவிர்த்திருக்கிறேன்.

அன்றிரவு அவர் இன்னொன்றும் சொன்னார்: “அப்பாக்குக் கொரோனா இல்லை டொக்டர். அவர் சுகராலதான் போனவர். அவங்கள் சும்மா கொரோனா எண்டு எழுதிப்போட்டாங்கள்.”

அவருடைய அப்பாவை எனக்கு நினைவிருக்கிறது. 2021 ஓகஸ்ட். அந்த மரண அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து.

இந்தக் கதையை வவுனியாவில் கேட்டிருக்கிறேன், மாங்குளத்தில் கேட்டிருக்கிறேன், புதுக்குடியிருப்பில் செத்தவீட்டுப் பந்தலுக்குள் வைத்தே கேட்டிருக்கிறேன். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள் சொல்கிறார்கள். “பிறஷர் இருந்தது, அதால போனவர்.” “ஏற்கெனவே இருதய வருத்தக்காரி.” “கொரோனா எண்டு எழுதினால் டொக்டர்மாருக்குக் காசு.” கடைசியில் சொன்னதற்கு என் பதில் ஒரே வரி: ஒரு சதம் வரவில்லை. மற்றவற்றைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும்.

குளக்கட்டு தெரியாத ஆள் வன்னியில் இல்லை. ஒரு கட்டில் எலி வளை இருக்கிறது, ஓரிடத்தில் மண் இளகியிருக்கிறது, தண்ணீர் திறந்துவிடும் துருசுப் பக்கம் கசிகிறது. பத்து வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. கட்டு நிற்கிறது, குளம் நிரம்புகிறது, வயல் விளைகிறது. 2018 டிசம்பரில் பெய்தது போல ஒரே இரவில் மழை கொட்டுகிறது. வெள்ளம் வந்து, வளை இருந்த இடத்தால் கட்டு உடைகிறது. வளை இருந்தபடியால் அவ்விடத்தால் உடைந்தது என்பது சரி. ஆனால் அந்த இரவு கட்டை உடைத்தது எது? வெள்ளம் வந்திராவிட்டால் அந்தக் கட்டு இன்னும் பதினைந்து வருஷம் நின்றிருக்கும். சுகர் என்கிற சலரோகம் எலி வளை. கொரோனா வெள்ளம். உங்கள் அப்பா சலரோகத்தோடு பதினான்கு வருஷம் சைக்கிள் ஓடியவர், வயல் செய்தவர், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். பதினான்கு வருஷத்தில் கொல்லாத சுகர், காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் ஏன் கொல்லவேண்டும்?

மரண அறிக்கையிலும் இதே ஒழுங்கில்தான் எழுதுகிறோம். முதல் வரியில் உடனடிக் காரணம்: சுவாசம் செயலிழந்தது. அதற்குக் கீழே, அதைக் கொண்டுவந்த நியூமோனியா. அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த கோவிட்-19. சலரோகத்தை மறைப்பதில்லை, பங்களித்த நோய்கள் என்ற வேறு பகுதியில் அதுவும் இருக்கும். உலகம் முழுக்க மருத்துவர்கள் எழுதும் முறை இதுதான்.

சனம் ஏன் அந்தப் பேரைச் சொல்லக் கூசியது என்பது எனக்கு விளங்காமல் இல்லை. படலையில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைக்காரர் சாமானை மதிலுக்கு மேலால் நீட்டினார். பெட்டி திறக்கப்படவில்லை, எங்கள் பக்கத்துப் பெட்டிகள் பல வவுனியா பூந்தோட்டம் வரைக்கும் போய் எரிந்தன. பிள்ளைகள் தூரத்தில் நின்று கும்பிட்டார்கள். எட்டுச்செலவுக்கு ஆளில்லை. 2009இல் உறவுகளின் உடலைக் கண்ணால் காணாமலே வந்த சனத்துக்கு, மறுபடியும் முகம் பார்க்காத ஒரு சாவு.

முஸ்லிம் குடும்பங்களுக்கு நடந்தது இதைவிடக் கொடிது. 2021 பெப்ரவரி முடியும்வரை அடக்கம் செய்யவே விடாமல் எரித்தார்கள். பிறகு இடம் தேடி, கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவைக் காட்டினார்கள். 1992இல் இடம்பெயர்ந்து 2018இல்தான் ஊர் திரும்பிய அந்தத் தீவுச் சனம் வேண்டாம் என்று கரையில் நின்று போராடியது. கடைசியில் மார்ச் மாதம் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில்தான் அடக்கம் தொடங்கியது. உடலால் தொற்றும் என்று சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது. புதைப்பதால் பரவும் என்பதற்கு அன்றைக்கும் ஆதாரம் இருக்கவில்லை. என் தொழிலில் இருப்பவர்கள் சிலரும் அப்போது வாயைத் திறக்காமல் இருந்தார்கள். அது எனக்கு இன்னும் ஆறாத வலி.

எங்கள் வாட்டில் ஒரு நேர்ஸ் மிஸ், இறந்தவர்களின் சாமான்களை எழுத ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருந்தா. இரண்டு வருஷத்துக்கு முதல் வாட்டு லாச்சியைத் துப்புரவு செய்தபோது மறுபடி பார்த்தேன். பேர், கட்டில் இலக்கம், அதற்கு நேரே சாமான்.

மூக்குக்கண்ணாடி ஒன்று, சிவப்புப் பேனை இரண்டு. அவர் கணித வாத்தியார். பென்சன் எடுத்த பிறகும் கொட்டிலில் காசு வாங்காமல் படிப்பித்தவர். ஒட்சிசன் முகமூடியோடு இருந்துகொண்டே, பக்கத்துக் கட்டில் பெடியனுக்கு ஏதோ கணக்குக் கீறிக் காட்டியவர்.

உழவு இயந்திரத் திறப்பு ஒன்று. சிறுபோக அறுவடை நேரம். தம்பிக்காரன் கேற்றுக்கு வெளியே நின்றார், உள்ளே வரப் பயம். சிற்றூழியர் ஐயா திறப்பை ஸ்பிரிட்டில் துடைத்து, கடதாசியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

செயற்கைக் கால், இடது, ஒன்று. பெட்டிக்கடை வைத்திருந்தவர். ஷெல்லுக்குத் தப்பியவர்.

தஸ்பீஹ் மணி ஒன்று. துணி வியாபாரி. அவரையும் எரித்தார்கள்.

பாதி ஊருக்குப் பிரசவம் பார்த்த, ஓய்வுபெற்ற குடும்பநல மாதுவின் கைக்கடிகாரம். கோயில் ஐயாவின் வெற்றிலைப் பெட்டி.

கொப்பி ஒன்று, சிறியது. அவர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றவர். உள்ளே கடன் கணக்கு. “கிணத்தடி வீட்டு அக்கா 450. வாசிகசாலை முடக்கு 300. ரீச்சர் 620.” பேரே இல்லை, எல்லாம் இடமும் முறையும்தான். அந்தக் கொப்பியை எடுக்க யாரும் வரவில்லை. தொற்றும் என்று பயம்.

நாடு முழுக்க 16,000 பேருக்கு மேல் என்பது அரசாங்கக் கணக்கு. 2021 ஓகஸ்ட்டில் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் போன நாட்களும் உண்டு. சாமான் எழுதிய அந்தக் கொப்பியில் இருந்தவர்களுக்குப் பிறகு வந்த கல்வெட்டுகளில், அதாவது முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகங்களில், சிலவற்றை நான் வாசித்திருக்கிறேன். பிறந்த ஊர், படித்த பள்ளி, மருமக்கள் பேர், வெளிநாட்டில் இருக்கிற பேரப்பிள்ளைகள் பேர், தேவாரம் எல்லாம் இருக்கிறது. நோயின் பேர் மட்டும் இல்லை. “திடீர் சுகவீனம்.” “இறைவனின் அழைப்பு.” மலேரியாவில் போனவர்களை “மலேரியாவில போனவர்” என்று வெட்கமில்லாமல் சொன்ன மண் இது. அப்படிச் சொன்னபடியால்தான் நுளம்புக்கு மருந்தடிக்க வந்தவனுக்கு வீட்டைத் திறந்துவிட்டார்கள், இரத்தம் சோதிக்கக் கையை நீட்டினார்கள். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

அப்பா கொரோனாவால் போனார் என்று அந்த வீட்டில் ஒருமுறை சொல்லியிருந்தால், காய்ச்சல் வந்தால் மூச்சைப் பார்க்கவேண்டும் என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கும். ‘சுகரால் போனவர், ஆஸ்பத்திரியில் வைத்துக் கொன்றுபோட்டார்கள்’ என்று சொன்னபடியால், அம்மாவை ஏழு நாள் வீட்டில் வைத்திருந்தார்கள். அப்பா வந்ததும் எட்டாம் நாள்தான். பிந்திக் கொண்டுவந்தால் இங்கேதான் சாவார்கள்; பிறகு இங்கே கொண்டுவந்ததால் செத்தார்கள் என்பீர்கள்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

“கதைச்சுக்கொண்டுதான் இருந்தவ” என்பதை நம்பாதீர்கள். 78இல் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்தவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இருமலோடு காய்ச்சல் என்றால் ஒட்சிமீற்றரால் பாருங்கள். விரலைக் கழுவி, மருதோன்றியும் நகப்பூச்சும் இல்லாத விரலில், இருத்திவைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பிறகு முற்றத்தில் ஒரு சுற்று நடக்கவிட்டுத் திரும்பப் பாருங்கள். 94க்குக் கீழே என்றால் அன்றைக்கே வாருங்கள். 90க்குக் கீழே என்றால் ஓட்டோ தேடாமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், ஒட்சிசனோடு வருவார்கள். வீட்டுக்கு வீடு மீற்றர் வாங்கச் சொல்லவில்லை. மாதர் சங்கத்துக்கு ஒன்று இருந்தால் ஒரு கிராமத்துக்குப் போதும். பந்தலும் கதிரையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள்தானே? மீற்றர் இல்லையென்றால் மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 24ஐத் தாண்டினால் சரியில்லை.

போன முறை மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கைக் கொடுக்காதீர்கள். பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீரொயிட் குளிசையை மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீரொயிட் ஒட்சிசன் தேவைப்பட்ட கொரோனா நோயாளருக்கு உயிர் காத்தது உண்மை, ஆனால் நேரம் தப்பிக் கொடுத்தால் கெடுதல். சுகர்காரருக்கு இரட்டிப்புக் கெடுதல். ஆவி பிடிப்பதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஆவிப் பானை சரிந்து வெந்த குழந்தைகளுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்து என்று ஒருவர் கொடுத்த பாணிப் போத்தலுக்கு ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்ற சனத்தைப் பார்த்த பிறகும், ‘கைமருந்து பார்த்துவிட்டு வருவோம்’ என்று மூன்று நாளைக் கழிக்காதீர்கள்.

காய்ச்சல் என்று கிளினிக் மருந்தை நிற்பாட்டவேண்டாம். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுவாருங்கள். வயலில் இறங்கினவர் என்றால் அதையும் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று சனம் பயந்தது, வயல் தண்ணீரால் தொற்றக்கூடிய எலிக்காய்ச்சல்தான். அதற்கு மருந்து இருக்கிறது, நேரத்துக்கு வந்தால். இருமல் இருக்கும்போது முகக்கவசம் போடாமல் அம்மம்மாவின் பக்கத்தில் போய் இருக்காதீர்கள், பிள்ளைகளே. தயவுசெய்து.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கக் கொடுக்க முன்னர் அந்த மகன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மாவுக்கு என்னவென்று போடுவது என்று கேட்டார். நியூமோனியா என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்பாவுக்கும் ஒரு பக்கம் வைக்கப் போவதாகச் சொன்னார். 2021இல் அவருக்கு ஒன்றும் அடிக்கவில்லையாம்.

“நீங்கள் அண்டைக்கு எழுதினதை அப்பிடியே சொல்லுங்கோ டொக்டர். பேனை வைச்சிருக்கிறன்.”

சொன்னேன். அவர் எழுதி, எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டினார்.